கண்ணை மட்டும் விட்டுவிட்டு

1

ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. காரைக்காலில் நான் பத்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில் அவர் இப்போது தலைமை ஆசிரியை. ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பழைய மாணவி என்பதால் நானும் ஏதாவது எழுத வேண்டுமாம்.

"ஜெசி, நம்ம ஸ்கூல்ல புதுசா கவுன்சலிங் ரூம் திறந்திருக்கோம்மா. ஃபேன் போட்டு, பெயின்ட் அடிச்சு, நல்லா வச்சிருக்கேன். ஒரு பிள்ளையும் உள்ள வர மாட்டேங்குது. அங்கல்லாம் பிள்ளைங்க எப்படி நம்பி வந்து பேசுதுங்கன்னு நீ எழுது. படிச்சிட்டாவது வரட்டும்."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. அதே கண்டிப்பு, அதே பாசம். அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் செய்தியை மறுபடியும் கேட்டேன். பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். காரணம் இருக்கிறது. என் மகளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து அன்றைக்குத்தான் நானும் என் கணவரும் திரும்பி வந்திருந்தோம், ஏறக்குறைய இதே விஷயத்துக்காக.

டீச்சர் எதிர்பார்த்தது ஒரு சந்தோஷமான கட்டுரையை. ஈபிள் கோபுரம், ஒழுங்கான பள்ளிகள், நம்பிக்கையோடு பேசும் பிள்ளைகள் என்று எழுதி, கீழே ஒரு போட்டோவும் போட்டால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். செய்தி வந்து சில வாரங்கள் ஆகியும் எனக்கு அது வரவில்லை. நான் பயந்துபோய் இருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் டீச்சர் விருப்பம்.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். கணவர் அந்தோணிக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. அவருடைய குடும்பம் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியது. பாஸ்போர்ட் இருக்கிறது, பாஷைதான் இல்லை. வெங்காயம், கத்தி, சீக்கிரம், மன்னிக்கணும் என்கிற அளவோடு அவருடைய பிரெஞ்சு நின்றுவிடும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் இருக்கிறேன். பாதி புரியும், கால்வாசி பேசுவேன். பயந்தால் அந்தக் கால்வாசியும் போய்விடும்.

பேசுவதெல்லாம் மகள் மெலனிதான். பதிமூன்று வயது. வங்கி, வாடகை வீட்டுக்காரர், மின்சார ஆபீஸ், எங்கே போனாலும் அவளை முன்னால் நிறுத்திவிட்டு நாங்கள் பின்னால் நிற்போம். என் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னவளும் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. கட்டி சாதாரணமானதுதான் என்று பிறகு தெரிந்தது. அதையும் அவளே சொன்னாள். ஊரில் போனில் பேசும்போது, எங்கள் பெண் எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்கும் சமயத்தில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும். பெரிய ஹாலில் ஆசிரியர்கள் ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நமக்குக் கொடுத்த சில நிமிடங்களில் பேசிவிட்டு எழுந்துவிட வேண்டும். இந்தத் தடவை அந்தோணியும் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வகுப்புப் பொறுப்பாசிரியர் சின்ன வயசுக்காரர், தாடி வைத்திருந்தார். மெலனி நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வகுப்பில் பேசுவதே குறைவு என்றார்.

அந்தோணிக்கு ஒரு ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தபடி பேச வராது. பாதி எழுந்து, கையைக் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, ஊரில் அவருடைய அப்பா சொன்னதை, என் அப்பா சொன்னதை, நம் எல்லாருடைய அப்பாவும் சொன்னதை அப்படியே சொன்னார்.

"சார், இனிமே இவ எங்க பொண்ணு இல்ல, உங்க பொண்ணு. கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சுடுங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

மெலனி அப்பாவைப் பார்த்தாள். இதைச் சொல்லணுமா என்று கேட்டாள். சொல்லும்மா, சார் சந்தோஷப்படுவார் என்றார் அவர். அவள் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். அந்த இளைஞர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை, மெலனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அடுத்த குடும்பம் காத்திருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியத்தை மெலனியும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள். அவள் இங்கே பிறந்தவள். அது ஒரு மரியாதைப் பேச்சு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள், அதையும் பிரெஞ்சில் சொன்னாள்.

3

கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் வேலையில் இருந்தேன். தலைமை ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் பார்க்க வேண்டுமாம். மெலனி பார்த்துவருகிற உளவியல் ஆலோசகரும் கூட இருப்பாராம். இருவரும் கட்டாயம் வர வேண்டுமாம்.

'பார்த்துவருகிற' என்ற வார்த்தையைக் கேட்டதும் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். என் பெண் யாரையோ போய்ப் பார்க்கிறாள். என்னவோ பேசுகிறாள். ஒரு தடவை அல்ல. காலையில் நான் தலை பின்னிவிட்டு, டிபன் கட்டி அனுப்புகிற பெண், மத்தியானம் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரியிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

எங்கள் கட்டடத்தில் திருமலைராயன்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், ஷகிலா. நான் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா மாதிரி. அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கோ தெரிந்த யாரோ ஒருவர் வீட்டில் பள்ளிக்கூடம் நீதிபதிக்கு எழுதிப் போட்டதையும், அதிகாரிகள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதையும் சொன்னார். அந்தக் குடும்பம் எது, எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கோ அந்தப் பிள்ளை படியிறங்கிப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"வீட்ட சுத்தமா வச்சிக்க ஜெசி. வந்து பாப்பாங்களாம். பிரிட்ஜத் தொறந்துகூட பாப்பாங்களாம். அல்லா காப்பாத்துவான், நான் துவா கேக்குறேன்" என்றார் லாத்தா.

பிறகு நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. பிரிட்ஜ் நிறையப் பாலும் பழமும் வாங்கி அடைத்தேன். மெலனி அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். கடைசியாகச் சமையலறையில் நின்று சுற்றிப் பார்த்தபோது, தொட்டிக்குக் கீழே அரிவாள்மனை தெரிந்தது. காரைக்காலிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. மீன் ஆய அதில்தான் எனக்குக் கை வரும். வருகிறவர்கள் இதைப் பார்த்தால், தோலை உரிக்கச் சொன்ன வீட்டில் இதுவும் இருக்கிறதா என்று நினைக்க மாட்டார்களா? ஒரு பழைய துண்டில் அதைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் மெலனி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். பழங்களைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அம்மா, என்னப் பாத்தா பயப்படுற?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். துண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அரிவாள்மனையைக் கொண்டுபோய்க் கட்டடத்தின் நிலவறையில் எங்கள் பழைய சாமான்களுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க மீன் வாங்கவில்லை.

4

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை. என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று என் அப்பாவும் ஸ்டெல்லா டீச்சரிடம் அதையேதான் சொன்னார். அப்பா லாரி வைத்திருந்தார். கீழவாஞ்சூரில் துறைமுகமெல்லாம் வராத காலம், நெல்லும் உப்பும் ஏற்றுவார். டீச்சர் பக்கத்துப் பூவம் கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு தடவைகூட என்னை அடித்ததில்லை. அந்த வாக்கியத்தில் அடியும் இல்லை, தோலும் இல்லை. எங்களுக்கு அடுத்தபடி நீங்கள்தான் என்று சொல்வதற்கு நம் அப்பாக்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பிள்ளையை அப்படி ஒப்படைத்துவிட்டால், பிள்ளையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் டீச்சர் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும். வகுப்பில் தூங்கினேனா, பேனாவைத் தொலைத்தேனா, யாரோடு நின்று பேசினேன், எல்லாம் நான் வீடு வந்து சேர்வதற்குள் மார்க்கெட்டிலோ மாதா கோயில் வாசலிலோ அம்மா காதுக்குப் போயிருக்கும். இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நல்ல டீச்சர் என்றால் அப்படித்தான்.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு பயம் வந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள மாப்பிள்ளை வீடு ஒன்று என்னைக் கேட்டு வந்திருப்பதாக அப்பாவும் அம்மாவும் பேசியது காதில் விழுந்தது. பரீட்சை முடிந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு வயது வரும்வரை வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. எனக்கு ப்ளஸ் டூ படிக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல், ஒரு மழை நாளில், மற்றவர்கள் போன பிறகு ஸ்டெல்லா டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அப்பாவை நிறுத்தி, பொறுமையாக, மரியாதையாக, பிள்ளை பயப்படுகிறது, படிக்க வையுங்கள் என்று எடுத்துச் சொன்னார். சொல்லும்போது பக்கத்தில் என் பெரியப்பாவும் இருந்தார், வேறு இரண்டு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவருக்கு அது தப்பாகப் படவில்லை. எல்லாரும் நம் ஆட்கள்தானே.

அப்பா என்னை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வீட்டு விஷயத்த வெளியில கொண்டுபோயிட்டியே."

அதற்கப்புறம் என் கல்யாணத்துக்கு முதல் நாள்வரை அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. நான் ப்ளஸ் டூ படிக்கவில்லை. எனக்கு வந்த அந்தோணி தங்கமானவர், அது என் அதிர்ஷ்டம். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை யாரிடமும் நான் மனதைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவ சங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சின்னப் பாவங்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

5

மெலனி பள்ளியின் தலைமை ஆசிரியை அறையில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மெலனி வகுப்பில் இருந்தாள். அவள் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று நான் திகைத்தபோது, தலைமை ஆசிரியை போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். தமிழ்க் குரல் ஒன்று கேட்டது. ஈழத்துக்காரர், வயசானவர்.

"வணக்கம் அம்மா, ஐயா. பயப்பட வேண்டாம். நான் மொழிபெயர்ப்புக்கு இருக்கிறன்."

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அதிகமாகப் பயம் வரும். தலைமை ஆசிரியைக்கு என் அம்மா வயதிருக்கும், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஆலோசகர், நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு சின்னப் பெண். தலைமை ஆசிரியை நேராக விஷயத்துக்கு வந்தார். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்னதை வகுப்பாசிரியர் எனக்குச் சொன்னார், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன் என்றார்.

அந்தோணி அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.  போனில் அந்தப் பெரியவர் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுத் தானாகவே ஏதோ பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். முடித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "எங்கட ஊரிலயும் தாய் தகப்பன் இப்பிடித்தான் சொல்லி ஒப்படைக்கிறவை. அதைத்தான் சொன்னனான்."

தலைமை ஆசிரியை மெதுவாகத் தலையாட்டினார். மகளை எப்போதாவது அடித்திருக்கிறீர்களா என்று அந்தோணியைக் கேட்டார். நான் அவர் முழங்காலை அழுத்துவதற்குள் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஐந்து வயதில் ரோட்டில் குறுக்கே ஓடியபோது முதுகில் ஒரு தட்டு.  அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துவிட்டு, நம்புகிறேன் என்றார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு மறக்காது. இங்கே பிள்ளையை யாரும் எங்களிடம் ஒப்படைக்க வேண்டாம், நாங்களும் எடுத்துக்கொள்ள மாட்டோம்; அவள் காலையில் வருவாள், சாயங்காலம் உங்களிடம் திரும்பி வருவாள். நீங்கள் பயந்துகொண்டிருந்தது தெரிகிறது என்றார். இன்னொன்றும் சொன்னார். இனி எந்தக் கூட்டத்திலும் மெலனி மொழிபெயர்க்க மாட்டாள், அது ஒரு குழந்தை தூக்குகிற பாரம் இல்லை என்றார். டாக்டர் முன்னால் எனக்கும் அவருக்கும் நடுவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பதினோரு வயது மெலனி எனக்கு ஞாபகம் வந்தாள்.

பிறகுதான் எங்களை வரச்சொன்ன காரணம் வந்தது. மெலனி தானாகவே ஆலோசகரைத் தேடி வந்திருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், தொடர்ந்து வர விரும்புகிறாள். அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

நான் கேட்டேன், அவள் என்ன சொல்கிறாள்?

ஆலோசகராக இருந்த அந்தச் சின்னப் பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். மெலனிக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் உங்களிடம் உடனே சொல்வேன், அதை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படி எதுவும் இல்லை. மற்றதைச் சொல்ல முடியாது என்றாள்.

பெற்றவர்களுக்கே சொல்ல மாட்டார்களாமா என்று அந்தோணி என்னைக் கேட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த ஆலோசகரிடம் கெஞ்சினேன். எங்களைப் பற்றியா? ஒரு பையனா? என் உடம்பைப் பற்றிய பயமா? யாராவது ஏதாவது செய்தார்களா? எல்லாம் வேண்டாம், ஒன்றே ஒன்று மட்டும் சொல், உடனே சம்மதிக்கிறேன் என்றேன். பெரியவர் என் அழுகையை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அவள் கண்ணும் கலங்கிவிட்டது. சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலில் எனக்குக் கோயில் வாசல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் அப்பாவும் நல்லவர்தான். ஸ்டெல்லா டீச்சரும் நல்லவர்தான். நல்லவர்கள் இரண்டு பேர் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, எனக்காகவே பேசி, என் வாயை மூடிவிட்டார்கள். இந்தப் பெண் மட்டும் இன்றைக்கு எனக்கு இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த செவ்வாய்க்கிழமை என் மகளும் வாயை மூடிக்கொள்வாள். பிறகு அவள் மனதில் இருப்பதை யாருமே தெரிந்துகொள்ள முடியாது.

அந்தோணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே நான் சம்மதம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

6

அதோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சலவை இயந்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, இந்நேரம் அவள் அந்த அறைக்குள் போயிருப்பாள் என்று நினைப்பேன். அன்றைக்கு நான் மடிக்கிற துணிகள் ஒழுங்காக இருக்காது. சாயங்காலம் அவள் வரும்போது, என்ன பேசினாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்து நிற்கும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். போன வாரம் அவளே நிலவறைக்குப் போய் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குக் கீழே வைத்தாள். மீன் கொழம்பு வைம்மா என்றாள். அவ்வளவுதான் இதுவரை எனக்குக் கிடைத்தது.

டீச்சர், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் உங்கள் புது அறைக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஃபேனும் பெயின்ட்டும் காரணமில்லை. நீங்கள் யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறீர்கள், பூசை முடிந்து யாரோடு நின்று பேசுகிறீர்கள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். உங்கள் முந்தானை வாசனையை நான் மறந்துவிட்டேன் என்றாலும் பொய்தான். அன்றைக்கு நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தீர்கள்.

ஒரு நாள் ஒரு பெண் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். நீங்கள் இந்தக் கட்டுரையைப் போட்டால் கொஞ்சம் சீக்கிரமாகவே வரலாம். அவள் பின்னாலேயே அவளுடைய அம்மாவும் வருவாள். பயந்துபோய் வருவாள். நல்லவளாகத்தான் இருப்பாள், உங்களுக்கு வேண்டியவளாகவும் இருப்பாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சுவாள்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.